ஒரே முற்றம், வருஷம் முழுக்க படம்: குமரி மாவட்டத்துக்காரங்க எல்லாரும் வாங்க

தக்கலைமுற்றம்:
நம்ம ஆளுங்களுக்கு படம் எடுக்கணும்னா உடனே பேச்சிப்பாறை, தேரூர் குளம், கீரிப்பாறைனு வண்டிய எடுத்துட்டு கெளம்பணும். போகட்டும், நல்லதுதான். ஆனா நான் சொல்ல வாறது, வீட்டு முற்றத்தையும் பொறத்தால கெடக்க அஞ்சு சென்டையும் ஒரு வருஷம் விடாம எடுத்துப் பாருங்க. வெளிய ஒரு எடத்துக்குப் போனா அன்னைக்கு அங்க என்ன இருக்கோ அதத்தான் பாக்க முடியும். முற்றத்துல ஒரே செடி தளுத்து, பூத்து, காய்ச்சு, இல கொட்டி, திரும்பத் தளுக்க வரைக்கும் ஒவ்வொரு கட்டத்துலயும் அதத் தேடி யாரு வாறாங்கன்னு தெரியும், அது ஒரு நாள் படத்துல கிடைக்கவே கிடைக்காது.

நமக்கு ரெண்டு மழை இருக்கு பாத்துக்கோங்க. ஆனி ஆடில தென்மேற்குச் சாரல், ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு. வயல்ல கன்னிப்பூ, கும்பப்பூனு ரெண்டு போகம், தோட்டத்துலயும் தளிர் ரெண்டு தடவ வருது. பட்டாம்பூச்சிப் புழுவுக்கு வேண்டியது இளந்தளிர்தான், அதனால மழை விட்டு செடி தளுக்க ஆரம்பிச்சதும் கறிவேப்பிலயும் நாரத்தையும் நிக்க பக்கம் போய் இலைக்கு அடிப்பக்கம் திருப்பிப் பாருங்க, மஞ்சளா உருண்டையா முட்டை இருக்கும். காமன் மோர்மன், லைம்னு ரெண்டு பட்டாம்பூச்சியும் அங்கதான் வைக்கும். புழு சின்னதுல பறவை எச்சம் கணக்கா கருப்பும் வெள்ளையுமா இருக்கும், அத நம்பி குருவி கொத்தாம விட்டுரும். கடைசித் தோல் உரிச்சப்புறம் பச்சையா மாறிரும். அப்ப லேசா தொட்டா தலைக்குப் பின்னால இருந்து கவட்டையா ஒரு கொம்ப வெளிய நீட்டும், ஒரு வாடை வரும், கறிவேப்பிலயும் புளிச்ச வாடையும் கலந்தது. அந்தக் கொம்பு ரெண்டு மூணு செகண்டுதான் வெளிய நிக்கும், கேமராவ ரெடியா வச்சுட்டுத்தான் தொடணும், அதுவும் ஒரு தடவ போதும், சும்மா சும்மா தொட்டு புழுவ நோகடிக்காதீங்க.

இந்த ஐப்பசில உங்க முற்றத்துல என்ன நடக்குன்னு போடுங்க. எடுத்த மாசமும் ஊரும் கட்டாயம் எழுதுங்க, அது இல்லாத படம் அழகா இருந்தாலும் பாதிதான்.

தோவாளை_பிச்சி:
எக்கா நல்ல இழை. ஆனா உங்க கணக்கு எங்க பக்கம் அப்படியே ஒத்து வராது. தக்கலை, குலசேகரம் பக்கம் ஆனில இருந்தே நனைஞ்சு கெடக்கும், எங்களுக்கு ஆரல்வாய்மொழி கணவாய் வழியா காத்துதான் வரும், மழ எல்லாம் ஐப்பசிக்கு மேலதான். எங்க ஊர்ல கரண்டு எடுக்க காத்தாடி நிக்கத பாத்தா தெரியாதா, ஆனி ஆடி ஆவணி மூணு மாசமும் ஒரு பூவ ஃபோகஸ் பண்ண முடியாது, தண்டு நிக்கவே நிக்காது. நான் செய்யுறது என்னன்னா துணிக்குப் போடுற கிளிப்ப ஒரு குச்சில கட்டி மண்ணுல குத்தி, அதுல தண்ட லேசா பிடிச்சு வச்சுட்டு எடுப்பேன். அப்படியும் ஆடுனா சுவத்துக்கு மறைவுல நிக்க செடிய மட்டும் எடுப்பேன். விடியக்காலம் ஆறு ஆறரைக்கு காத்து கொஞ்சம் அடங்கும், அப்ப எடுத்தாதான் உண்டு.

எங்க வீட்ல பிச்சியும் கேந்தியும் அரளியும் நிக்கி. பிச்சி அந்திக்கு விரியுற பூ, அதனால அதோட விருந்தாளி எல்லாம் ராத்திரிதான் வாறாங்க, பருந்து அந்துப்பூச்சி வந்து அந்தரத்துல நின்னபடியே நீள உறிஞ்சிய உள்ள விட்டு தேன் குடிக்கும். பகல்ல மட்டும் கேமரா எடுக்கவங்க தோட்டத்துல பாதிய பாக்காமலே விட்டுருதாங்க.

குலசேகரம்_ரப்பர்:
தோவாளை அண்ணாச்சி சொன்னது சரி. ஒரே மாவட்டம்தான், ஆனா அங்க வெயில் காயும்போது இங்க அட்ட கடிக்கும். எங்க பக்கம் மார்கழி, தைல ரப்பர் இல பழுத்து செவப்பாவும் மஞ்சளாவும் மொத்தமா கொட்டும், விளை முழுக்க வானம் தெரியும், அப்ப மேல உக்காருற பறவை எல்லாம் மறைவு இல்லாம தெளிவா கிடைக்கும். மாசில புதுத் தளிர் செம்புக் கலர்ல வரும். மத்த மாசம் அதே விளைல ஒண்ணும் தெரியாது, இருட்டு. அதனால ரப்பர் விளைல பறவை படத்துக்கு தை மாசம், தவளை படத்துக்கு ஆடி மாசம்னு நான் வச்சிருக்கேன்.

தவளைனு சொன்னதும், எங்க வீட்டுக் கிணத்து உள்சுவர்ல மழை தொடங்குனதும் வெள்ளையா நுரை ஒட்டி இருக்கும், அது மரத்தவளை கட்டுற நுரைக்கூடு. முட்டை அதுக்குள்ள இருக்கும், வெளிப்பக்கம் காஞ்சு உள்பக்கம் ஈரமாவே இருக்கும், தலைப்பிரட்டை ஆனதும் கீழ தண்ணில விழுந்துரும். தண்ணிக்கு நேர் மேல பாத்துத்தான் கட்டும். கிணறு சுத்தம் பண்ண வாறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க, இல்லன்னா வாரியல் வச்சு தள்ளிருவாங்க.

கொல்லங்கோடு_லென்ஸ்:
ஒரு மாற்றுக் கருத்து சொல்லுதேன், யாரும் கோவப்படாதீங்க. முற்றத்துல எருக்கும் உன்னியும் வளரவிட்டு பட்டாம்பூச்சி வருதுன்னு சந்தோஷப்படுதோம், ஆனா உன்னிச்செடி வெளிநாட்டுச் செடி, காட்டுக்குள்ள புகுந்து அடிக்காடு மொத்தத்தையும் மூடிருது. அதோட பழத்த பறவை தின்னு விதைய எங்கயும் கொண்டு போடும். நம்ம வீட்டுப் படம் அழகா வரணும்னு மலையோரத்துல அத நடுறது சரியா? ரெண்டாவது, கறிவேப்பில செடி சின்னதா இருந்தா ஒரு புழு கூட்டம் ரெண்டே நாள்ல மொட்டையடிச்சிரும், அம்மா திட்டாம இருப்பாங்களா, எங்க வீட்ல மருந்து அடிக்கத்தான் செய்வாங்க.

தக்கலைமுற்றம்:
கோவம் ஒண்ணும் இல்ல மக்கா, உன்னி விஷயத்துல நீங்க சொல்றதுதான் சரி. குலசேகரம், கடையாலுமூடு, ஆறுகாணி பக்கம் இருக்கவங்க அத நடவே வேண்டாம், நிக்கதையும் பூக்கும் முன்னால பிடுங்குங்க. அதுக்குப் பதிலா செத்தி இருக்கு, கிருஷ்ணகிரீடம் இருக்கு, ரெண்டும் நம்ம வீட்டு முற்றத்துல காலங்காலமா நிக்கது. செத்திப்பூவுக்கு குழல் நீளம், அதனால நீள உறிஞ்சி உள்ள பெரிய ஜாதிதான் வந்து குடிக்கும், ப்ளூ மோர்மன், காமன் ரோஸ், மலையோரம்னா சதர்ன் பேர்ட்விங்கும் வரும். பேர்ட்விங் சிறகு விரிச்சா 190 மில்லிமீட்டர் வரைக்கும் அளந்திருக்காங்க, அது உங்க முற்றத்துக்கு மேல பறந்து வாறத ஒரு தடவ பாத்தா அன்னைக்கு வேற வேலை ஓடாது.

எருக்கு மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன். அது நம்ம மண்ணுச் செடி. ப்ளெய்ன் டைகர் முட்டை வைக்கது அதுலதான், புழு அந்தப் பால்ல உள்ள விஷத்த உடம்புல சேத்து வச்சுக்கிடும், அதனாலதான் அந்தப் பட்டாம்பூச்சி பயமே இல்லாம மெதுவா பறக்குது, பறவை அத தொடாது. மெதுவா பறக்கதுனால போன்லயே அருமையா கிடைக்கும், புதுசா எடுக்கவங்க அதுல இருந்து தொடங்குங்க.

கறிவேப்பிலக்கு வழி இருக்கு. வீட்டுத் தேவைக்கு ஒரு செடி, புழுவுக்கு தள்ளி ஒரு செடி வைங்க. சமையல் செடில இருக்க புழுவ இலையோட கிள்ளி அங்க கொண்டு விடுங்க. மொட்டை ஆன செடி சாகாது, திரும்பத் தளுக்கும். மருந்து அடிச்ச இலைய நாமளும்தான் குழம்புல போடுதோம், அத யோசிங்க.

மணக்குடி_தம்பி:
அக்கா நான் காலேஜ் படிக்கேன், போன் மட்டும்தான் இருக்கு. செம்பரத்திய எடுத்தா செவப்பு எல்லாம் ஒரே திட்டா வருது, இதழ்ல உள்ள நரம்பு ஒண்ணும் தெரியல, ஏன்?

சுசீந்திரம்_குளத்தங்கரை:
தம்பி, செவப்புப் பூவுக்கு எல்லா கேமராலயும் இந்தப் பிரச்சினை உண்டு. கேமரா மொத்த வெளிச்சத்த பாத்து கணக்குப் போடும், பூவச் சுத்தி பச்சை இருட்டா இருக்கதுனால வெளிச்சத்த கூட்டிரும், அப்ப செவப்பு மட்டும் அளவு மீறி நிரம்பி நுணுக்கம் எல்லாம் அழிஞ்சிரும். ஸ்கிரீன்ல பூ மேல விரல அழுத்திப் பிடி, ஃபோகஸ் லாக் ஆகும், பக்கத்துல சின்னச் சூரியன் படம் வரும், அத கீழ இழு. படம் கொஞ்சம் இருட்டா தெரியும், பரவால்ல, பொறவு கூட்டிக்கலாம், ஆனா அழிஞ்ச நரம்ப திருப்பிக் கொண்டு வர முடியாது. உச்சி வெயில்ல எடுக்காத. மூடாப்பு போட்ட நாள் பூவுக்கு நல்லது, மேகமே வெளிச்சத்த பரத்திக் குடுக்கும், நிழல் கறுக்காது. ஆடிச் சாரல் நாள்ல எடுத்துப் பாரு.

நான் வேலைல இருந்து ஓய்வு வாங்குன ஆளு, காலைல குளத்தங்கரைல நடக்கப் போவேன். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் 2022ல ராம்சர்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல வந்துச்சு, நம்ம மாவட்டத்துக்குப் பெரிய பெருமை. ஆனா அந்தக் குளம் வேற, நம்ம முற்றம் வேறன்னு பிரிச்சுப் பாக்க வேண்டாம்னு நான் சொல்லுவேன். குளத்துல பொறக்குற தும்பிதான் நம்ம முற்றத்துக் கொசுவ தின்னுது. இப்ப ஐப்பசில மஞ்சளா ஒரு தும்பி கூட்டம் கூட்டமா உக்காராம பறந்துகிட்டே இருக்கும், குளோப் ஸ்கிம்மர். அஞ்சு சென்டிமீட்டர் கூட வராத உடம்ப வச்சுகிட்டு, வடகிழக்குக் காத்த பிடிச்சு மாலத்தீவு வழியா இந்தியப் பெருங்கடல தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போகுதுன்னு சார்ல்ஸ் ஆண்டர்சன்ங்கிற ஆய்வாளர் 2009ல எழுதுனாரு. நம்ம வீட்டு கொடிக்கயித்துக்கு மேல பறக்கது அந்தப் பயணத்துல இருக்க பூச்சின்னு நெனச்சா எனக்கு இப்பவும் புல்லரிக்கும். காலைல சிறகுல பனி காயுறதுக்கு முன்னால கொடில தொங்கிட்டு இருக்கும், அப்ப கிட்டப் போய் எடுக்கலாம்.

விளவங்கோடு_துபாய்:
நான் துபாய்ல இருக்கேன். ஊர்ல அம்மா தனியா இருக்காங்க, இந்த இழைய அனுப்பிக் குடுத்ததுல இருந்து தினமும் ஒரு படம் வாட்ஸாப்புல வருது. நேத்து அரளி இலைக்கு அடில வெள்ளியும் தங்கமுமா பளபளன்னு ஏதோ தொங்குதுன்னு அனுப்புனாங்க, நான் யாரோ குழந்தையோட தங்க ஜிமிக்கிய மாட்டி வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். என்னது அது?

தக்கலைமுற்றம்:
அது காமன் க்ரோ பட்டாம்பூச்சியோட கூட்டுப்புழு. அம்மாகிட்ட சொல்லுங்க, அத பறிக்க வேண்டாம், தினமும் ஒரே எடத்துல நின்னு ஒரே நேரத்துக்கு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள அந்தப் பளபளப்பு மங்கி கறுப்பா மாறும், உள்ள சிறகுல உள்ள வெள்ளைப் புள்ளி தெரிய ஆரம்பிக்கும், அப்படி ஆயிட்டுன்னா மறுநாள் விடியக்காலத்துல கண்ணு வைக்கணும். வெளிய வந்து சிறகு காயுற வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல அங்கயே தொங்கும், அம்மா தேயில குடிச்சுட்டே எடுக்கலாம்.

அரளிலயும் நந்தியாவட்டைலயும் இன்னொரு புழுவும் வரும், விரல் தண்டில பச்சையா, முன்பக்கம் நீலக்கண்ணு ரெண்டு வச்சது, வால்ல ஒரு கொம்பு. அத பாத்து பாம்புக்குட்டின்னு பயந்து அடிக்காதீங்க, ஒலியாண்டர் ஹாக் அந்துப்பூச்சிப் புழு அது. அந்தக் கண்ணு நெசக் கண்ணு இல்ல, பயமுறுத்த மட்டும்தான்.

கொல்லங்கோடு_லென்ஸ்:
எங்க வீட்டு கொடிக்கயித்துல தேன்சிட்டு கூடு கட்டியிருக்கு. பெட்டை ஒட்டடையும் மரப்பட்டைத் தூளும் கொண்டு வந்து ஒட்டுது. நேரா ஃப்ளாஷ் போட்டு உள்ள இருக்க குஞ்சோட வாய எடுத்தா நல்லாருக்கும்னு ஒரு நண்பர் சொன்னாரு, குறுக்க இருக்க கிளைய வெட்டிட்டா ஆங்கிள் தெளிவா கிடைக்கும்னாரு. உங்க அபிப்பிராயம்?

சுசீந்திரம்_குளத்தங்கரை:
வேண்டவே வேண்டாம். அந்தக் கிளைதான் கூட்டுக்கு மறைவு. வெட்டுனா மதிய வெயில் நேரா விழும், காக்காவுக்கும் செம்போத்துக்கும் வழி திறந்து குடுத்த கணக்கு ஆயிரும். நீங்க நிக்கது தெரிஞ்சு தாய் இரையோட தள்ளி உக்காந்து கத்திகிட்டு இருந்தா அந்த நேரம் குஞ்சு பட்டினி கெடக்குன்னு அர்த்தம், உடனே விலகிரணும். ஜன்னலுக்கு உள்ள இருந்து, திரைச்சீலைக்கு இடுக்கு வழியா, தாய் வந்து ஊட்டுறத எடுங்க. போன்ல பறவைக் குரல போட்டு வரவழைக்கதும் கூடாது, கூடு கட்டுற காலத்துல அது வேற ஆண்பறவை எல்லைக்குள்ள வந்துட்டுன்னு நெனச்சு இரை தேடாம சண்டைக்கு அலையும். பூச்சிய ஃப்ரிட்ஜ்ல வச்சு மரத்துப்போக வச்சு படம் எடுக்கவங்களும் இருக்காங்க. அப்படி எடுத்த படத்துல உயிரு இருக்காது, பாத்தா தெரிஞ்சிரும்.

கொல்லங்கோடு_லென்ஸ்:
சரி சார், கிளைய தொடல. ஜன்னல்ல இருந்தே எடுக்கேன்.

குலசேகரம்_ரப்பர்:
பறவை பேச்சு வந்ததுனால ஒரு அவசரத் தகவல். இந்த மாசம் ஆறுமணிக்குருவி வாற நேரம். இமயமல அடிவாரத்துல இருந்தும் நடு இந்தியால இருந்தும் ராத்திரி பறந்து நம்ம பக்கம் வரும், சித்திரை வரைக்கும் விளைல இலச் சருகுக்குள்ள பொரட்டித் தின்னுகிட்டு இருக்கும். வந்த புதுசுல களைச்சுப் போய் வீட்டுக்குள்ள நுழையும், கண்ணாடில முட்டி விழும். பச்சை, நீலம், வயித்துல செவப்புன்னு பல கலர்ல ஒரு குருவி தரைல கெடந்தா அத சுத்தி நின்னு படம் எடுக்காதீங்க. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டில துணி விரிச்சு வச்சு, மூடி, இருட்டா சத்தம் இல்லாத எடத்துல வைங்க, வாய்ல தண்ணி ஊத்தாதீங்க, மூக்குக்குள்ள போயிரும். தெளிஞ்சதும் சாயங்காலம் மரம் நிக்க பக்கம் திறந்து விடுங்க. சிறகு ஒடிஞ்சிருந்தா வனத்துறைக்குச் சொல்லுங்க. நல்லா இருக்க குருவிய படம் எடுக்கணும்னா காலைலயும் அந்திக்கும் கூப்பிடுற நேரம் ஒரு மரத்துக்குப் பின்னால அசையாம உக்காந்தா போதும், அதுவே நடந்து வரும்.

தோவாளை_பிச்சி:
ஒரே எடத்த எடுக்கணும்னு எக்கா சொன்னதுக்கு என் பக்கத்துல இருந்து ஒரு சாட்சி. 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்க மாமா வீடு திங்கள்நகர் பக்கம், பொறத்தால பெரிய அயினியும் ரெண்டு பலாவும் நின்னுச்சு, ஒரே ராத்திரில மூணும் சாஞ்சிட்டு. மாமா அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒரே திண்ணைல இருந்து எடுத்த படம் எல்லாம் வச்சிருக்காரு. முன்னால உள்ளதுல குக்குறுவானும் மாங்குயிலும், தரைல நிழல்தான். மறுவருஷப் படத்துல அதே எடத்துல வெயில் விழுந்து தும்பையும் கிலுகிலுப்பையும் தானா முளைச்சு, கிலுகிலுப்பைல ப்ளூ டைகர் கூட்டம் தொங்குது. அதுல ஆணுதான் கூடுதலா வரும், காஞ்ச செடில உள்ள ஒரு சத்த உறிஞ்சி எடுத்து இணைய கூப்பிடுற வாசனை தயார் பண்ணும். இப்ப மாமா நட்ட புது அயினி மேல வந்துட்டு, நிழல் விழுது, கிலுகிலுப்பை ஒதுங்கிட்டு. இந்தக் கதை எந்தப் புத்தகத்துலயும் கிடையாது, அந்தத் திண்ணைல மட்டும்தான் இருக்கு. படத்துல தேதி இல்லன்னா அதுவும் கிடையாது.

தக்கலைமுற்றம்:
அண்ணாச்சி, மாமாகிட்ட அனுமதி வாங்கி அந்தப் படத்த வரிசையா கட்டாயம் போடுங்க. எல்லாரும் பாக்கணும்.

இதையே ஒழுங்கா செய்ய ஆசை இருக்கவங்களுக்கு சீசன்வாட்ச்னு ஒரு திட்டம் இருக்கு, ஒரு மரத்த தேர்ந்தெடுத்து வாராவாரம் தளிர், பூ, காய் என்ன நிலைமைல இருக்குன்னு பதியணும். கொன்றை, மா, பலா, புளி எல்லாம் அதுல உண்டு. விஷுக்கணிக்கு வேண்டிய கொன்றை மாசிலயே பூக்குதா பங்குனிலயான்னு ஊர் ஊரா பதிஞ்சாதான் காலம் மாறுதா இல்லயான்னு பேச முடியும். பொங்கல் சமயத்துல தமிழ்நாடு முழுக்க பறவை கணக்கெடுப்பும் நடக்கும், வீட்டு மாடில இருந்து பதினஞ்சு நிமிஷம் பாத்து எழுதுனாலும் எடுத்துக்கிடுவாங்க.

மணக்குடி_தம்பி:
குளத்தங்கரை சார் சொன்ன மாதிரி எடுத்தேன், செம்பரத்தி நரம்பு அருமையா வந்திருக்கு, மகரந்தம் கூட தனித்தனியா தெரியுது. தேன்சிட்டு வந்து பூவுக்குள்ள போகாம காம்புப் பக்கம் குத்தி தேன் எடுத்துட்டுப் போகுது, அதையும் எடுத்தேன். அது எதுக்கு அப்படி செய்யுது?

சுசீந்திரம்_குளத்தங்கரை:
நல்ல கண்ணு தம்பி உனக்கு. முன்வழியா போனா மகரந்தம் ஒட்டும், பூவுக்கும் லாபம். அடில ஓட்டை போட்டா குருவிக்கு வேலை சுளுவா முடிஞ்சிரும், பூவுக்கு ஒண்ணும் கிடைக்காது. வாழைப்பூவுல பாரு, அங்க நேராத்தான் குடிக்கும். பகல்ல தேன்சிட்டும் அணிலும், இருட்டுனதும் வவ்வாலும் வரும், ஒரே பூவுக்கு ரெண்டு ஷிப்டு. அது உன் அடுத்த வேலை.

விளவங்கோடு_துபாய்:
அம்மா கேக்காங்க, மழைக்காலத்துல எங்க பழைய கேமரா லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிருக்கு, இனி வாங்குனா எப்படி வைக்கணும்?

குலசேகரம்_ரப்பர்:
நம்ம ஊர் ஈரத்துக்கு லெதர் பைல வச்சு பீரோல பூட்டுறதுதான் முதல் எதிரி. காத்து புகாத மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா வாங்குங்க, உள்ள சிலிக்கா ஜெல் போடுங்க, ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டரும் வைங்க. 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவுல நின்னா போதும், ரொம்ப காஞ்சாலும் ரப்பர் பாகம் வெடிக்கும். நீல ஜெல் ரோஸ் கலருக்கு மாறிட்டுன்னா ஈரம் குடிச்சு நிறைஞ்சிட்டு, வறுத்து திரும்பப் போடலாம். சமையல் சட்டில வறுக்காதீங்க, அந்தக் கலர் மருந்து நல்லது இல்ல, தனிச் சட்டி வைங்க. ஏசி ரூம்ல இருந்து நேரா முற்றத்துக்குக் கொண்டு போகாதீங்க, கண்ணாடி முழுக்க ஆவி படியும், பைக்குள்ளயே வச்சு கொஞ்ச நேரம் வெளிய இருக்கட்டும். எல்லாத்துக்கும் மேல, தினமும் வெளிய எடுத்து உபயோகிக்க லென்ஸ்ல பூஞ்சை சீக்கிரம் வராது.

தோவாளை_பிச்சி:
எக்கா, ஈஸ்வரமூலிக் கொடி உங்ககிட்ட நிக்குன்னு சொன்னீங்கல்ல. காமன் ரோஸும் க்ரிம்சன் ரோஸும் அதுலதான் முட்டை வைக்கும்னு கேள்விப்பட்டேன். இங்க வெயில்ல வருமா?

தக்கலைமுற்றம்:
வரும் அண்ணாச்சி, ஆனா முதல் வருஷம் வேலி மறைவுல, காலை வெயில் மட்டும் படுற எடத்துல வைங்க. காத்து இருக்கதுனால பந்தல் போடாம வேலிலயே ஏத்தி விடுங்க. மருந்துச்செடின்னு யாரும் அரைச்சுக் குடிக்காம பாத்துக்கோங்க, கிட்னிக்கு ஆவாது. கொடி பிடிச்சப்புறம் கறிவேப்பிலல பொறந்த காமன் மோர்மன் பெட்டைய நல்லா கவனிங்க, ஒரு வகை காமன் ரோஸ் வேஷத்துலயும் இன்னொரு வகை க்ரிம்சன் ரோஸ் வேஷத்துலயும் வரும். ரோஸ் உடம்புல விஷம் உண்டு, இதுக்கு கிடையாது, வேஷத்த வச்சே தப்பிக்குது. உடம்பு செவப்பா இருந்தா ரோஸ், கறுப்பா இருந்தா மோர்மன், பக்கவாட்டுல இருந்து எடுத்தாதான் பிரிச்சுச் சொல்ல முடியும். காய் முத்தி வெடிக்க நேரம் இப்பதான், விதை எடுத்து வைக்கேன், வடசேரி பக்கம் வாற அன்னைக்கு சொல்லுங்க.

மணக்குடி_தம்பி:
எனக்கும் ரெண்டு விதை வேணும் அக்கா.